மணக்காத செடிகள்

என் கணவர் ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடும் வேலை பார்த்தவர். ஆண்டில் பாதிக்கு மேல் வடநாட்டில் ஏதாவது ஒரு பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பார். அந்தப் பாறைத்தூள் நுரையீரலில் படிந்துவிட்டது என்று நாமக்கல்லில் டாக்டர் சொன்னபோது, இனி வேலைக்குப் போக முடியாதே என்பதுதான் எங்கள் இருவருக்கும் பெரிய அடியாகத் தெரிந்தது. இதைக் குணப்படுத்த மருந்தில்லை என்று அவர் சொன்னது, மல்லசமுத்திரத்தில் பஸ் இறங்கி வீட்டை நோக்கி நடக்கும்போதுதான் உறைத்தது.

அதன்பிறகு அவர் வாசல்படியருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார். அவருக்கு எதிரே, வீட்டுக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவில், ஒரு துண்டு மண் காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

ஒருநாள் சொன்னார்: "அந்த மண்ணு சும்மாதான கெடக்குது. நாலு செடி வெச்சா பாத்துக்கிட்டாச்சும் உக்காந்திருப்பேன். வருசா வருசம் புடுங்கிப் புடுங்கி நடறது வேண்டாம் புள்ள. ஒருக்கா வெச்சா நின்னு பூக்கோணும். நீயும் எத்தனை வேலைதான் பாப்ப?"

எனக்கு மல்லி வைக்க ஆசை. ஆனால் அதற்குச் சில வாரம் முன்பு, கோயிலுக்குப் போய்த் தலையில் பூவோடு நான் உள்ளே வந்ததும் அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்து, உதடு நீலமாகிவிட்டது. எந்த வாசனையும் ஆகவில்லை. மணக்காத பூச்செடியாகத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

ராசிபுரம் ரோட்டில் இருந்த நர்சரியில் ஒரு வயதான அம்மா இருந்தார். "வாசமில்லாத பூவா கேக்கற சாமி?" என்று சிரித்தார். நான் காரணத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றுபோயிற்று. மண் எப்படி என்று கேட்டார்.

"சுக்கான் மண்ணுங்க. தோண்டுனா வெள்ளையா கல்லு வருது. நாள் பூரா வெயிலு."

"அப்பிடின்னா இட்லிப்பூ வேண்டாம், எலையெல்லாம் மஞ்சளாப் போயிரும். கனகாம்பரம் வரும், ஆனா மத்தியான வெயிலு தாங்காது. மேக்கால ஒரு செம்பருத்தி வெச்சு அதோட நெழல்ல கனகாம்பரத்த வெய்யி. ஓரத்துக்கு நித்தியகல்யாணி. அது எங்கயும் நிக்கும்."

குழி வெட்டும்போது அவர் நாற்காலியிலிருந்தே இடம் காட்டினார். "கடப்பாரைய நேரா புடி, சாய்க்காத" என்றார். நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்குப் பாறையைத் துளைத்த மனிதர், ஒரு சாண் குழியை நான் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுக்கான் கல் உடைந்து வெள்ளைத்தூள் பறந்ததும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து உள்ளே போனார். மீதிக் குழிகளைத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துத்தான் வெட்டினேன்.

நித்தியகல்யாணியைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு அக்கா மதிலருகே வந்தார். "சுடுகாட்டுப் பூவ வாசல்ல வெப்பாங்களா அம்மிணி? அதும் ஆளு இப்பிடி இருக்கயில?"

நான் குனிந்து செடியைச் சுற்றி மண்ணை அணைத்தேன். நாற்காலியிலிருந்து என் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார்: "இருக்கட்டுங்க்கா. இப்பவே பழகிக்கறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலாக மாறி வெகுநேரம் நிற்கவில்லை.

அந்த வருடம் ஐப்பசியில் நல்ல மழை. செம்பருத்தி சுவரைத் தாண்டி வளர்ந்தது. அதன் நிழலில் கனகாம்பரம் கொத்துக் கொத்தாகப் பூத்தது. கைக்கு எட்டும் பூக்களை அவரே பறித்து மடியில் போட்டுக்கொள்வார், நான் கட்டித் தலையில் வைத்துக்கொள்வேன். "வாசமில்லாட்டி என்ன, நெறமிருக்குதே" என்பார். நோய் வந்த பிறகு எங்களுக்கு வாய்த்த நல்ல நாட்கள் அவ்வளவுதான்.

அடுத்த வருடம் மழை இல்லை. குடிநீரைச் செடிக்கு ஊற்ற வழியில்லாமல் போர் தண்ணீரையே ஊற்றினேன். உப்பேறி இலை ஓரங்கள் கருகின. அப்புறம் செம்பருத்தியின் கொழுந்துகளில் பஞ்சு ஒட்டினாற்போல் மாவுப்பூச்சி வந்தது. வேப்பெண்ணெய் அடிக்கச் சொன்னார்கள். அந்த நாற்றத்தை அவர் எப்படித் தாங்குவார்? ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைத்தேன். துடைத்து முடித்த கிளையில் இரண்டு நாளில் மறுபடி வெள்ளை படியும். கனகாம்பரத்துக்கும் பரவத் தொடங்கியபோது, "அத வெட்டிப் போடு புள்ள, இதாச்சும் பொழைக்கட்டும்" என்றார்.

வெட்டினேன். கனகாம்பரம் பிழைக்கவில்லை. நிழல் போனதும் பங்குனி வெயில் நேராக விழுந்தது. சாக்குக் கட்டிப் பார்த்தேன், காற்று பிய்த்துப் போட்டது. சித்திரை பிறப்பதற்குள் எல்லாம் குச்சியாகிவிட்டது.

அவரும் அந்தக் கோடையில் நாற்காலியிலிருந்து கட்டிலுக்குப் போனார். மூக்கில் குழாய் வைத்து ஆக்ஸிஜன் மிஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. கரண்டு போனால் என் மூச்சும் நின்றுபோகும். ஒரு மதியம் மெல்லச் சொன்னார்: "நீ ஆசப்பட்ட மல்லிய வெச்சுக்க. நானெங்க இனி வெளிய வரப்போறேன்?"

"பேசாம படுங்க" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். சமையலறைக்குப் போய் அரிசியைக் களைந்துகொண்டே அழுதேன்.

வெறும் மண்ணிலிருந்து காற்றடிக்கும்போதெல்லாம் தூசி கிளம்பிச் சன்னல் வழியாக அவர் கட்டிலுக்கு வந்தது. "சிமெண்டு போட்டு உட்ரு அம்மிணி" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. எனக்கும் வேறு வழி தெரியவில்லை. கொத்தனார் வந்து ஓரத்தில் நின்ற நித்தியகல்யாணியைக் காட்டினார். அதில் அப்போதும் பூ இருந்தது. "இத மட்டும் உட்டுட்டு சுத்திப் போட்டரட்டுங்களா?"

"வேண்டாங்க. எல்லாத்தையும் மூடிருங்க."

சிமெண்டு குழைத்துப் போட்ட நாளில் அவரைச் சொந்தக்காரர் வீட்டில் படுக்கவைத்திருந்தோம். காய்ந்த பிறகு அழைத்துவந்தோம். தூசி நின்றது, இருமல் நிற்கவில்லை. இப்போது பத்து மணிக்கே அந்தச் சிமெண்டு தகிக்க ஆரம்பித்துவிடுகிறது. அனல் உள்ளே வருகிறது என்று சன்னலையும் சாத்திவிட்டோம். இருட்டறையில் மிஷின் சத்தத்தைக் கேட்டபடி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.