குற்றாலத்து வாடகையும் வருமான வரியும்

இன்று குற்றாலத்தில் நல்ல சாரல். காய்ச்சலில் கிடந்து எழுந்த என் மனைவியைத் தேற்ற, தென்காசியிலிருந்து குதிரை வண்டியில் வாடகை வீடு பார்க்கப் போனோம்.

சீசனுக்கு விடுவதற்கென்றே மூன்று வீடுகள் வாங்கிப் போட்டிருக்கும் அண்ணாச்சி, சாவியும் கையுமாக வருமான வரியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"கூடச் சம்பாதிச்சா வரி விகிதமும் கூடுமாம்! எல்லாருக்கும் ஒரே விகிதம் போட்டா என்னவே?"

வீடு கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்துகொண்டே கேட்டேன். "மெட்ராஸ்காரங்கட்ட மட்டும் வாடகை கூட வாங்குதீயளாமே, அண்ணாச்சி?"

"அவங்களால குடுக்க முடியும்லா!"

சொன்னவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். எதிரே மலையை மேகம் மெல்ல மூடி, மெல்லத் திறந்தது.

என் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. அண்ணாச்சியும் சிரித்துவிட்டு, சாவியை அவளிடம் நீட்டினார்.

வாடகையை மட்டும் இன்னும் சொல்லவில்லை. எந்த விகிதத்தில் போடுவார் என்று நினைக்கிறீர்கள்?