மூன்றாவது வணக்கம்

சிரிப்பவர்கள் சிரியுங்கள், எனக்குக் கவலை இல்லை. போன ஆடி மாதம், ரங்கூன் போட்டாதாங்கில் எங்கள் ஒர்க்ஷாப்பில் எனக்கு நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நேரமெல்லாம் என் கைக்கடிகாரத்தில் பார்த்த நேரம்.

ஒர்க்ஷாப் எனக்கும் ரமேஷ்குமாருக்கும் கூட்டு. எங்களோடு தமிழ்மணி என்று ஒருவன் இருந்தான். வயதில் சின்னவன், என்ஜின் கட்டுவதில் எங்கள் இருவரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவான். தின்கன்ஜூனில் தன் வீட்டு ஷெட்டில் வைத்து வி-எட்டு என்ற எட்டு சிலிண்டர் என்ஜின் ஒன்றை இரண்டு வருடம் கட்டி, தன் பிக்கப்பில் போட்டான். ரமேஷ்குமார் அதை விலைக்குக் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போனான். மணி மசியவில்லை.

அந்த ஆடிக்கு எட்டு மாதம் முன்பு திடீரென்று மணியைக் காணோம்.

"எல்லை தாண்டி தாய்லாந்து போயிட்டான், செல்வம். ஒங்கிட்ட சொல்ல வேணாம்னுட்டான்," என்றான் ரமேஷ்குமார்.

தம்பி மாதிரி வைத்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டானே! அவன் பேச்சை எடுத்தாலே திட்டுவேன்.

ஆடியில் ஒரு மஸ்டாங் கார் வந்தது. நாலு சிலிண்டர், டர்போ. காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பெரிதாக்கி, எக்ஸாஸ்ட்டை மாற்றி, கம்ப்யூட்டரில் டியூன் செய்தால் ரங்கூன் ரோட்டுக்கும் சூட்டுக்கும் அதுவே தாராளம் என்றேன். ரமேஷ்குமார் கேட்டால்தானே! வி-எட்டுதான் அழகு என்று வண்டிக்காரரை மயக்கிவிட்டான். ஜப்பான் ஏலத்தில் எடுத்தது என்று ஒரு என்ஜினைக் கொண்டுவந்து இறக்கினான். என்ஜினின் மேல்மூடிகள் மட்டும் புத்தம் புதிது.

"மூடியை மட்டும் தொறக்காதே. வாரண்டி போயிடும்."

நானும் மாடு மாதிரித் தலையாட்டினேன். என்ஜினை மாட்டி முடித்தோம்.

அன்று வெள்ளிக்கிழமை. ரமேஷ்குமார் வண்டிக்காரரைப் பார்க்கக் கியாக்டடா போயிருந்தான். கொட்டுகிற மழை. மாலை 5.50க்குக் கரண்ட் போனது. அது தினப்படி கதைதான். டார்ச்சை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன்.

6.02. சென்ட் வாசனை அடித்தது.

எங்கள் ஊரில் புது என்ஜின் போட்டால், பெகு ரோட்டில் ஆலமரத்தடியில் இருக்கும் நாட் என்ற பர்மாக் காவல் சாமியிடம் வண்டியை ஓட்டிப் போவோம். சக்கரத்தில் சென்ட் தெளிப்பார்கள். வண்டியை முன்னே விட்டு, பின்னே எடுத்து, மூன்று முறை கும்பிட வைப்போம். மணி அதில் ஒரு தடவையும் தவறமாட்டான்.

அதே சென்ட்...

6.05. என்ஜின் உறுமியது.

தட... தட-தட... தட...

அந்த விக்கல் எனக்குத் தெரியும். தன் என்ஜின் சத்தத்தை மணி போனில் எத்தனை தடவை கேட்க வைத்திருக்கிறான்!

டார்ச்சை அடித்தேன். வண்டிக்குள் யாரும் இல்லை.

வண்டியின் பாட்டரி கழற்றியபடி என் மேசைமேல் இருந்தது.

வண்டி முன்னே நகர்ந்தது. பின்னே வந்தது.

டிக்கியைக் கையால் தட்டும் சத்தம். டப்... டப்...

"வா... வா... இன்னும் வா..."

ரமேஷ்குமாரின் குரல்.

பின்னால் டார்ச் அடித்தேன். சுவர்தான் இருந்தது.

மறுபடி முன்னே... பின்னே...

மூன்றாவது முறை. முன்னே போனது. பின்னே வரத் தொடங்கியது...

நின்றது.

6.09.

கரண்ட் வந்தது. திறக்காதே என்ற மூடியைத் திறந்தேன். உள்ளே ஒவ்வொரு போல்ட்டிலும் ஊதாப் பொட்டு. முறுக்கி முடித்த போல்ட்டுக்கு அடையாளமாக மணி தன் அக்காவின் நகப்பூச்சைத்தான் வைப்பான். தொட்டேன்.

காயவில்லை. விரலில் ஒட்டியது.

ரமேஷ்குமாருக்குப் போன் போட்டேன். பின்னணியில் சூலே பகோடா பக்கத்து பஸ் ஹாரன்கள்.

"இந்த என்ஜின் எங்கேருந்து வந்துச்சு?"

அவன் திருப்பிக் கேட்டான்.

"தொறந்துட்டியா?"

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டான். அதன் பிறகு அவனை நான் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை பெகு ரோட்டுக்குப் போனேன். ஆலமரத்தடியில் பூ விற்கும் பர்மாக்கார அம்மாவிடம் மணியின் போட்டோவைக் காட்டி, பர்மிய மொழியில் விசாரித்தேன். பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"எட்டு மாசம் ஆச்சு. சாயங்காலம் ஆறு மணி தாண்டியிருக்கும். மூணாவது தடவை பின்னால எடுக்கும்போது ரோட்டுல லாரி அடிச்சிடுச்சு. பேர் தெரியாத பொணம்னு எரிச்சிட்டாங்க."

எட்டு மாதமாக நான் செத்தவனைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

"பேர் தெரியாதா? வண்டியில் பேப்பர் இருந்திருக்குமே?"

"கூட வந்தவர் பேப்பரையும் எடுத்துக்கிட்டு, வண்டியையும் இழுத்துக்கிட்டுப் போயிட்டார். வண்டிக்குப் பின்னால நின்னு வழி சொன்னவர். லாரி வர்றதை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்."

"பார்த்துட்டு... என்ன சொன்னார்?"

அந்த அம்மாவுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அன்று காதில் விழுந்ததை விழுந்தபடி சொல்லிக் காட்டினார்.

"வா... வா... இன்னும் வா..."