மேல்சட்டித் தண்ணீர்

காலையில் என் மனைவி இட்லிப்பானையின் மூடியைத் தூக்கினாள். மூடியின் அடியிலிருந்து நீர் சொட்டியதும் எனக்குப் பழங்காநத்தத்து வீட்டுக் கொல்லை ஞாபகம் வந்துவிட்டது. இட்லி வாசனையில் மற்றவர்களுக்கு அம்மாவின் கைமணம் நினைவுக்கு வரும். எனக்குச் சாராயம் வருகிறது.

அது மதுவிலக்குக் காலம். அப்பா கொல்லையில் வெல்லமும் வேலம்பட்டையும் போட்ட ஊறலைப் பானையில் கொதிக்கவிடுவார். பானையின் வாய்மேல் குளிர்ந்த தண்ணீர்ச் சட்டி உட்கார்ந்திருக்கும். ஆவி அதன் அடியில் பட்டுக் குளிர்ந்து, உள்ளே தொங்கும் கலயத்தில் சாராயமாகச் சொட்டும். சட்டித் தண்ணீர் சுட்டால் சரக்கு விழாது. அதை மாற்றிக்கொண்டே இருப்பது அம்மாவின் வேலை. குடித்துவிட்டு அவளை அடிப்பது அப்பாவின் வேலை. இதற்கு வேலைப் பிரிவினை என்று பெயர் இருப்பதைப் பிற்பாடு புத்தகத்தில் படித்துக்கொண்டேன்.

ஒருநாள் அம்மா வேண்டுமென்றே தண்ணீரை மாற்றவில்லை. அரைப் புட்டிகூடத் தேறவில்லை.

"இம்புட்டுத்தானாடி?"

"வெயிலு அப்பிடிங்க."

வழக்கமாகக் குடித்ததற்கு விழும் அடி, அன்று குறைந்ததற்கு விழுந்தது. மறுநாள் அவள் குடம் குடமாகச் சுமந்து மாற்றினாள்.

"ஏம்மா?" என்றேன்.

"நெறயக் குடிச்சா வெரசாத் தூங்கிருவாருடா."

அப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. அம்மாவுக்கு இப்போது நினைவு தடுமாறுகிறது. மனைவி மூடியைத் திரும்ப வைத்ததும், அம்மா மெல்ல நடந்துவந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"சுட்டுருச்சுடா. தண்ணிய மாத்து. அவரு இன்னும் தூங்கல."