அந்தோணி பார்த்த நிலா வட்டம்

போன வாரம் ஒரு மத்தியானம் திருப்பரங்குன்றத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது, ஆளாளுக்குச் செல்போனை வானத்தைப் பார்த்துத் தூக்கினார்கள். சூரியனைச் சுற்றிப் பெரிய வட்டம். எனக்கோ அந்தோணியின் ஞாபகம் வந்துவிட்டது.

அவனியாபுரத்து லேத் பட்டறையில் நானும் அவனும் அடுத்தடுத்த மிஷினில் நின்றோம். சுட்ட இரும்பும் ஆயிலும் கலந்த அந்த வாடை எங்கே அடித்தாலும் எனக்கு இன்றும் டீ குடிக்கத்தான் தோன்றும்; வேலை முடிந்ததும் நேரே டீக்கடைக்குப் போய்ப் பழகிய உடம்பு. ஒரு சித்திரை மாசத்துச் சாயங்காலம், அந்தக் கடை வாசலில் நின்றபடி அந்தோணி கிழக்கே காட்டினான்.

"நிலா கோட்டை கட்டியிருக்கு மாப்ள. மழை வரும்."

எனக்கு வட்டம் எதுவும் இல்லாத வெறும் நிலாதான் தெரிந்தது. மழையும் வரவில்லை. மறுநாளும் அதையே சொன்னான். பிறகு, கடை பல்பைச் சுற்றியும் வானவில் கணக்காக வட்டம் தெரிகிறது என்றான். நான் பள்ளிக்கூட நாளிலிருந்தே தடித்த கண்ணாடி போட்டவன். அவனுக்குத் தெரிவது எனக்குத் தெரியவில்லை என்றால் கோளாறு என் கண்ணில்தானே? பயந்துபோய், துணைக்கு அவனையே கூட்டிக்கொண்டு கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டரம்மா சோதித்துவிட்டு, பழைய கண்ணாடியே போதும் என்றார். நான் விடவில்லை; வட்டம் தெரியாத கதையைச் சொன்னேன். அவர் நிமிர்ந்தார்.

"வட்டம் தெரியுதுன்னு சொன்னது யாரு?"

வெளியே பெஞ்சில் கடலை உரித்துக்கொண்டிருந்த அந்தோணியைக் கூப்பிட்டேன்.

அவன் கண்ணுக்குள் அழுத்தம் கூடிக் கிடந்தது; வட்டம் தெரிந்ததும் அதனால்தான். இடது கண்ணில் பார்வை பெரும்பாலும் போய்விட்டது, போனது திரும்பாது, வலதைக் காப்பாற்றலாம் என்றார்கள். அப்போதே சேர்த்துக்கொண்டார்கள். அவன் மனைவி ரோஸிக்குச் சேதி சொல்ல நான் கிளம்பியபோது கையைப் பிடித்துக்கொண்டான்.

"பெருசாச் சொல்லிராத மாப்ள. மாசமா இருக்கா."

வலது கண் தப்பியது; ஆயுசுக்கும் தினமும் சொட்டு மருந்து விட்டாக வேண்டும் என்றார்கள். பிறந்த மகளை முகம் பார்த்து வளர்த்தான். லேத்துக்கு ஒற்றைக் கண் போதாது என்று அதே பட்டறையில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலைக்கு மாறினான். மழைக்கு ஆரூடம் சொல்வதையும் விட்டுவிட்டான். எப்போதாவது நிஜமாகவே நிலா வட்டம் கட்டினால், சத்தமில்லாமல் என் பக்கத்தில் வந்து நிற்பான்.

"ஒனக்கும் தெரியுதா மாப்ள?"

தெரிகிறது என்பேன். பிறகுதான் டீயை வாயில் வைப்பான்.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது டைல்ஸ் கடை. அந்தோணியும் போய்ச் சேர்ந்துவிட்டான். நெஞ்சுவலியோடு கிடந்த கடைசி நாளிலும், கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்தை மறக்காமல் கேட்டு விட்டுக்கொண்டான் என்று ரோஸி சொன்னாள்.