அத்தை வழிதவறிப் பின்னிய காலுறை

எங்கள் அத்தைக்கு இந்த வட்டாரத்தின் நாற்பத்தெட்டுத் தெருக்களும் அத்துப்படி. எந்தத் தெருவில் எத்தனை வீடு, எந்த வக்கீலுக்குப் பதிவுத் தபால் அதிகம், யார் வீடு மாறியும் விலாசம் மாற்றாமல் இழுத்தடிக்கிறார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அந்தத் தெருக்களில் நடந்துதான் பழக்கமில்லை.

முப்பத்தோரு வருஷம் தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கிற வேலை. பஸ்ஸில் வந்து, வாசலில் இறங்கி, ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொள்வாள். எதிரே ஆறு வரிசை, எட்டுப் பத்தி என்று கட்டம் கட்டமாக ஒரு மரப்பெட்டி. ஒரு கட்டத்துக்கு ஒரு தெரு. விலாசத்தைப் பார்த்ததாகவே தெரியாது, கடிதம் அதன் கட்டத்துக்குள் போயிருக்கும். மாலையில் அதே வாசலில் பஸ் ஏறிவிடுவாள்.

ஓய்வு பெற்றதும் தபால் அலுவலகத்துக்கு எதிர்த் தெருவில், மூன்றாவது மாடியில், இரண்டு அறை வீடு ஒன்று வாங்கினாள். மாமா போன பிறகு அவளாகப் பார்த்து, அவளாகப் பேசி, தன் பேரில் வாங்கிய வீடு. கதவில் பித்தளைப் பலகையில் அவள் பேர் மட்டும் இருக்கும். வாரம் ஒருமுறை அதைத் துடைப்பாள்.

முழங்கால் வலிக்கு மருத்துவர் நடக்கச் சொன்னதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. முதல் நாளே தொலைந்துபோனாள். சுற்றிச் சுற்றிக் கால் ஓய்ந்து, ஓர் ஏ.டி.எம். வாசல் படியில் உட்கார்ந்தபோது, பக்கத்து நாற்காலியில் காவலாளி காலுறை பின்னிக்கொண்டிருந்தார். முன்பு ராணுவத்தில், பனிமலையில் காவலுக்கு இருந்தவராம். அங்கே கற்றுக்கொண்டதாம். மூன்று ஊசிகளில் நூல் கண்ணிகளை ஏற்றி, நாலாவதால் பின்னுவார். பேச்செல்லாம் அணிவகுப்பு மாதிரிதான் வரும். நூலை எடு. சுத்து. இழு. அடுத்த கண்ணி.

வேலையை விட்டதிலிருந்து அத்தையின் விரல்கள் சும்மா இருக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் கரண்டிகளைக்கூட அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். நாலு ஊசியைப் பார்த்ததும் அந்த விரல்களுக்கு உயிர் வந்தது. அறுபது கண்ணி ஏற்றக் கற்றுக்கொண்டு, அவர் கொடுத்த பழைய ஊசிகளோடும் ஒரு நூல் உருண்டையோடும் கிளம்பினாள். திரும்பும் வழியிலும் தொலைந்தாள். ஒரு மருந்துக்கடைக்காரர் அவள் பைக்குள் நம்பர் எழுதி வைத்திருந்த சீட்டைப் பார்த்து மகளுக்குப் போன் செய்தார்.

மகள் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது பெரியவள். முறைக்கு அப்படிக் கூப்பிடக் கூடாதென்றாலும் நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அன்று கன்னத்தைப் பிடித்தபடி காத்திருந்த நோயாளியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

இரண்டாவது முறை தொலைந்தபோதும் அத்தை அதே ஏ.டி.எம். வாசலுக்குத்தான் போய்ச் சேர்ந்தாள். வட்டமாகப் பின்னிக்கொண்டே போக வேண்டும் என்பதை அன்று கற்றாள். வரும் வழியில் ஒரு பள்ளிக்கூட வாசலிலிருந்து மகளுக்குப் போன் போனது. அக்கா இந்தத் தடவை சத்தம் போடவில்லை. பல்லைப் பிடுங்குவதற்கு முன் பேசுகிற அந்தத் தேன் குரலில் பேசினாள்.

"அம்மா, பயப்படாம கேளுங்க. இன்னும் ஒரே ஒரு தடவை இப்படி ஆச்சுன்னா எங்க வீட்டுக்கு வந்துடறீங்க. பின் ரூமைக் காலி பண்ணச் சொல்லியிருக்கேன். இந்த வீட்டை வாடகைக்கு விட்டுடலாம்."

அத்தை துணியை எடுத்துக்கொண்டு போய்ப் பித்தளைப் பலகையைத் துடைத்தாள். அது துடைக்கிற நாளே அல்ல.

அக்கா போனில் வழிகாட்டி ஒன்றையும் போட்டுக் கொடுத்திருந்தாள். இருநூறு மீட்டரில் வலது பக்கம் திரும்பவும் என்று அது சொல்லும். இரும்மா, மில் தெரு இன்னும் வரலையே என்று அத்தை அதற்குப் பதில் சொல்லுவாள். யார் சொல்வதைக் கேட்பது என்கிற சண்டையில் எப்போதும் அத்தையே ஜெயித்தாள்.

இதற்கிடையில் காலுறை வளர்ந்தது. ஒரு சாண் ஆனதும் வந்து குதிகாலுக்காகப் பின்னலைத் திருப்பக் கற்றுக்கொள்ளும்படி காவலாளி சொல்லியிருந்தார். வேண்டுமென்று தேடிப் போனால் அந்த ஏ.டி.எம். கிடைக்கவில்லை. தொலைந்தால்தான் கிடைக்கும் போலிருந்தது. தொலையவோ தடை. நாலு நாள் தெரு முனைவரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். கையைக் கட்டிப்போட முடியாததால் பின்னிக்கொண்டே இருந்தாள். ஒரு சாண் இரண்டாகி, இரண்டு மூன்றாகி, குதிகாலே இல்லாமல் குழாயாக நீண்டது. பார்க்க வந்த நான், எந்த யானைக்குச் சளி பிடித்திருக்கிறது, தும்பிக்கைக்கு உறை பின்னுகிறீர்களே என்று கேட்டேன். ஊசியால் ஒரு குத்து கிடைத்தது.

ஐந்தாம் நாள் குழாயைப் பையில் போட்டுக்கொண்டு துணிந்து கிளம்பினாள். ஒரு மணி நேரத்தில் எங்கே நிற்கிறோம் என்றே தெரியவில்லை. யாரையாவது கேட்டால் சீட்டு, சீட்டிலிருந்து போன், போனிலிருந்து பின் ரூம். அதனால் யாரையும் கேட்காமல், யாருக்காகவோ காத்திருப்பவள் மாதிரி ஒரு மதிலோரம் நின்றுகொண்டாள். அங்கேதான் தபால்காரர் வந்தார். பதினைந்து வருஷம் அவள் கையால் கடிதக் கட்டு வாங்கிக்கொண்டு போனவர்.

"என்னக்கா இங்க நிக்கறீங்க?"

தொலைந்துவிட்டேன் என்று அத்தை சொல்லவில்லை. கோர்ட் தெருவைக் காணோம் என்றாள், யாரோ சுருட்டிக்கொண்டு போய்விட்ட மாதிரி. மில் தெரு முடிந்தால் அதுதானே வர வேண்டும் என்றாள்.

"யாருக்கா சொன்னது?"

"யார் சொல்லணும்? மூணாவது வரிசைல நாலாவது மில் தெரு, அஞ்சாவது கோர்ட் தெரு. என் கையாலதானே போட்டேன்."

தபால்காரர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். சிரிப்பை அடக்குவதற்காகவே போட்ட மாதிரி இருந்ததாம், அத்தையே பின்னால் சொன்னாள்.

"அது உங்க கைக்கு எட்டணும்னு அடுக்கினதுக்கா. கடுதாசி அதிகமா வர்ற தெருவெல்லாம் நடுவுல வச்சாங்க. கோர்ட் தெரு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கு."

"அப்ப நான் வரிசையா கட்டிக் குடுத்ததை என்ன பண்ணுவீங்க?"

"வெளிய வந்து பிரிச்சு, நடக்கிற வரிசைக்கு மாத்தி அடுக்குவோம்."

"தினமுமா?"

"தினமும்தான்."

தொலைந்துபோனதில்கூட அத்தைக்கு முகம் இப்படி விழவில்லை. இத்தனை வருஷமும் பெட்டியைத்தான் ஊர் என்று நினைத்திருக்கிறாள். சைக்கிளில் இருந்த கடிதக் கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நீங்கள் நடக்கிற வரிசையைச் சொல்லுங்கள் என்று கேட்டாள். அவருடைய சுற்றில் பத்தொன்பது தெரு. அத்தை வீட்டுத் தெரு முதலில் வரும். பத்தொன்பதாவது முடிகிற இடம் தபால் அலுவலக வாசல். ஒருமுறைதான் சொன்னார். அவள் திருப்பிச் சொன்னபோது ஒன்றுகூடத் தப்பவில்லை. அங்கிருந்து அவர் சைக்கிளுக்குப் பின்னாலேயே நடந்தாள். பதினேழாவது தெருவில் ஏ.டி.எம். இருந்தது.

காவலாளி குழாயை நீட்டிப் பார்த்துவிட்டு, பிரி என்றார். மூன்று சாணையும் ஒரு சாணாகும்வரை பிரித்தாள். பாதிக் கண்ணிகளை ஊசியிலேயே சும்மா இருக்க விட்டு, மீதி முப்பதை மட்டும் முன்னும் பின்னுமாகப் பின்ன வேண்டும். பிறகு நடுவிலிருந்து குறைத்துக்கொண்டு வந்தால் குதிகால் தானாகவே கிண்ணம் மாதிரி குழிந்துகொள்ளும். அங்கேயே உட்கார்ந்து, இரண்டு தடவை தப்பாகப் போட்டு, மூன்றாவதில் திருப்பிவிட்டாள்.

அம்மா ஒரு சைக்கிளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறாள் என்று தெருமுனை இஸ்திரிக்காரர் அன்றைக்கே அக்காவுக்குத் தகவல் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அக்கா இரண்டு காலிப் பெட்டிகளோடு வந்து இறங்கினாள். தூக்குவதற்கு என்னையும் அழைத்து வந்திருந்தாள்.

அத்தை பெட்டிகளைப் பார்த்தாள்.

"அந்தக் காவல்காரர்கிட்ட உன்னைக் கூட்டிட்டுப் போய்த் திரும்பிக் கூட்டிட்டு வரேன். வழில யாரையாவது ஒரு வார்த்தை கேட்டேன்னா, நானே துணியை எடுத்து வைக்கிறேன்."

அக்கா சம்மதித்தாள். மூவரும் கிளம்பினோம். அத்தை எங்கும் தயங்கவில்லை. தெரு முடிந்தால் திரும்பினாள், சந்து வந்தால் நுழைந்தாள். எட்டாவது தெருவில் அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். பதினோராவதில் பேச்சை நிறுத்தினாள். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனபோது ஏ.டி.எம். வாசலில் இருந்தோம். காவலாளி எழுந்து தன் நாற்காலியை அக்காவுக்குக் கொடுத்தார்.

"எதுக்கும்மா இவ்ளோ சுத்து? உங்க வீட்டுக்கு இந்தப் பின் சந்துல போகலாம். ஏழு நிமிஷம்."

அக்கா அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தச் சந்து வழியாகவே போய்விடலாம் என்று கெஞ்சினாள். அத்தை மசியவில்லை. நடுவில் விட்டால் தனக்கு வரிசை போய்விடும், மறுபடி முதலிலிருந்துதான் வர வேண்டும், இன்னும் இரண்டே தெரு என்றாள். காவலாளி தன் பின்னலில் மும்முரமாக இருந்தார்.

அந்த இரண்டு தெருவையும் நடந்தே முடித்தோம். மாடி ஏறியதும் அக்கா காலிப் பெட்டி ஒன்றின் மேலேயே உட்கார்ந்து, பாதத்தைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் கணவருக்குப் போன் போட்டாள்.

"பின் ரூமைக் காலி பண்ண வேணாம். இல்ல, அம்மா வரல. தொலையவும் இல்ல. எல்லாம் சரியாத்தான் கூட்டிட்டுப் போனாங்க. நீ வந்து என்னைக் கூட்டிட்டுப் போ, என்னால நடக்க முடியல."