சித்தப்பா நட்ட குச்சிகள்

எங்கள் குப்பத்துக்கும் முகத்துவாரத்துக்கும் நடுவில் கிடந்த மணல்வெளியில் காலையில் அளவுக்குச்சி நட்டவர் சித்தப்பா. மாலையில் அதைப் பிடுங்கியவள் அம்மா. இரண்டு பேரும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். இரண்டாம் வகுப்பில் படித்த எனக்கு யார் பக்கம் சேருவது என்று தெரியவில்லை.

அங்கே ஏதோ கம்பெனி சுவர் எழுப்பிக் கப்பல்துறை கட்டப்போவதாகப் பேச்சு. பெண்கள் கருவாடு காயவைப்பதும், ஆண்கள் கரைவலை இழுப்பதும், மாசியில் ஆமைகள் முட்டையிடுவதும் அந்த மணலில்தான். சுவர் வந்தால் நமக்குக் கடலே இருக்காது என்றார் என் நைனா. நான் பயந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். கடல் இருந்தது.

படகு உடைந்த பிறகு சித்தப்பாவுக்குக் கிடைத்த ஒரே வேலை, அளவெடுக்கிறவர்களிடம் கூலி. சிவப்புத் துணி கட்டிய சவுக்குக் குச்சிகளை வரிசையாக அடித்துவிட்டு வருவார். வெயில் தாழ்ந்ததும் அம்மாவும் தெருப் பெண்களும் போய்ப் பிடுங்குவார்கள். அம்மா அவற்றை அடுப்பில் வைத்தே மடவை மீன் குழம்பு காய்ச்சினாள். பெரிய துண்டைச் சித்தப்பாவுக்குப் போட்டாள்.

"வெறகு நல்லா எரியுது அண்ணி," என்றார் அவர்.

"நாளைக்கும் நட்டுட்டு வாப்பா. சோறு வேவணும்ல."

இருவரும் சிரித்தார்கள். சண்டை வருமென்று சுவரோரம் ஒண்டியிருந்த எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஒருநாள் அளவெடுக்க வந்த ஜீப்புக்கு முன்னால் பெண்கள் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். முதல் வரிசையில் அம்மா. ஜீப்புக்குப் பக்கத்தில், குச்சிக்கட்டைத் தோளில் சுமந்தபடி சித்தப்பா. கம்பெனி ஆள் அம்மாவைக் காட்டி, இழுத்து அப்பால் விடு என்று அவரிடம் சொன்னார். சித்தப்பா கட்டைக் கீழே போட்டார்.

"எங்க அண்ணி சார் அது," என்றார். வீட்டைப் பார்த்து நடந்தார்.

ஜீப் திரும்பிப் போனது. பிறகு அந்த மணலுக்கு யாரும் வரவில்லை; குச்சி நடும் வேலையும் நின்றது. கப்பல்துறையை வேறெங்கோ கட்டப்போவதாகச் சொன்னார்கள். குப்பத்துக் கோயிலில் பொங்கல் வைத்து அம்மாவுக்கு மாலை போட்டார்கள்.

அந்த வாரமே சித்தப்பா காசிமேட்டுக்கு, விசைப்படகில் வேலை தேடிக் கிளம்பினார். டச்சுக் கல்லறைப் பக்கம் பொன்னேரி பஸ் நின்றது. அம்மா கருவாட்டுப் பொட்டலத்தை அவர் கையில் திணித்தாள். பஸ் போனதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நாமதானம்மா ஜெயிச்சோம், ஏன் அழுவுற?" என்று கேட்டேன்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். சித்தப்பா திரும்பி வந்ததும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம் என்று நானும் கூடவே நடந்தேன்.