அட்டைப்பெட்டிகள் அடைத்திருந்த அறை

அம்மா வேலை பார்த்த பஞ்சாலையில் குழந்தைகளுக்கென்று ஓர் அறை உண்டு. நான் தவழ்ந்தது அங்கேதான். என்னைத் தொட்டிலில் விட்டுவிட்டுத் தறிக்குப் போகும் அம்மா, பால் கொடுக்கிற நேரத்தில் திரும்பி வருவாள்.

அந்த அறை சும்மா வந்ததில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் ஆலைப் பெண்கள் கைக்குழந்தையின் நாக்கில் துளி அபினைத் தடவி, கூடையில் படுக்கவைத்துவிட்டு வேலைக்குப் போவார்களாம். சில குழந்தைகள் எழுந்திருக்கவே இல்லை. பெண்கள் கேட்டார்கள், படித்தவர்கள் சிலர் அவர்களுக்காக எழுதினார்கள், சபைகளில் பேசினார்கள். வேலை நேரம் குறைந்தது, பிள்ளைப்பேற்றுக்கு ஓய்வு கிடைத்தது, குழந்தைகளுக்கு அறையும் வந்தது. அம்மா சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். ஒருமுறை வந்தது இனிப் போகாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஹெப்பகோடியில் ஒரு கார்மெண்ட்ஸில் தையல் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கேயும் குழந்தைகள் அறை என்று கன்னடத்தில் போர்டு மாட்டிய ஓர் அறை இருந்தது. உள்ளே கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள். என் மகனை, கண் மங்கிப்போன அம்மாவிடம் விட்டுவிட்டு வருவேன்.

பக்கத்து மிஷின்காரி ஆனேக்கல்லிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவளுக்கும் கைக்குழந்தை, அடுத்த வீட்டுப் பெண்தான் பார்த்துக்கொண்டாள். ஒருநாள் காலையில் அந்தப் பெண் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, பஸ் பிடித்து எங்கள் கேட்டுக்கு வந்து, குழந்தைக்கு ஜுரத்தில் வலிப்பு வந்துவிட்டது என்று வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறாள். வாட்ச்மேன் சூபர்வைசரிடம் சொன்னார். அன்றைக்குச் சரக்கு அனுப்ப வேண்டியிருந்தது. சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் சூபர்வைசர் அவளிடம் வந்து சொன்னார். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

காரியம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய அன்று எங்கள் லைனில் யாரும் மிஷினைப் போடவில்லை. முன்கூட்டிப் பேசி வைத்ததும் இல்லை. அவள் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தோம், யாருக்கும் கை போகவில்லை.

சூபர்வைசர் வந்தார். "ஏனாயித்து? ஏன் மிஷின் ஓடல?"

நான் எழுந்தேன். "அந்த ரூமைத் தொறந்து விடுங்க சார். போர்டு மாட்டி வச்சிக்கீறீங்க இல்ல?"

"ஆபீஸ்ல பேசறேன். இப்ப வேலையப் பாருங்கம்மா."

"பேசுங்க சார். அதுவரைக்கும் உக்காந்துனு இருக்கோம்."

அப்போது அவள் எழுந்து போனாள். அந்த அறைக் கதவைத் தள்ளித் திறந்து, ஒரு பெட்டியைத் தூக்கி வந்து வராந்தாவில் வைத்தாள். மறுபடி உள்ளே போனாள். பின்னாலேயே நாங்களும் போனோம். மத்தியானத்துக்குள் அறை காலியாகிவிட்டது. ஒருத்தி துடைப்பம் கொண்டுவந்து பெருக்கினாள். மேனேஜர் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு ஆட்கள் பார்வையிட வரவிருந்த சமயம். ஆபீஸ்காரர்களுக்கும் தகராறு வேண்டாமாக இருந்திருக்கும். கொஞ்ச நாளில் தொட்டில் கட்டினார்கள், ஓர் ஆயாவையும் வைத்தார்கள்.

நானும் என் மகனைக் கொண்டுவந்து விட்டேன். பால் கொடுக்க விடும் நேரத்தில் தாய்மார்கள் எல்லோரும் எழுந்து போவோம். அவள் மட்டும் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருப்பாள். அவளை விட்டுப் போக மனம் வராமல் முதல் நாள் நான் நின்றுவிட்டேன்.

"இன்னாத்துக்கு நிக்கிற?" என்றாள். "போ. புள்ள அழும்."

போனேன்.